சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, மனசுக்கு?

"வேளா வேளைக்கு மாத்திரை போடறேன், இந்தப் பாழாப்போன சர்க்கரை இறங்கவே மாட்டேங்குதே!" என்று அலுத்துக்கொள்ளும் அம்மாவோ மாமியாரோ நம்மில் பலர் வீட்டில் உண்டு. சர்க்கரை, இருதய நோய் என்று வருஷக்கணக்கில் மாத்திரையோடு வாழ்கிறவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது மற்றவர்களைவிட அதிகம். மனசு சோர்ந்தால் நடைப்பயிற்சி நிற்கும், பத்தியம் தவறும், மாத்திரை மறக்கும். சர்க்கரை ஏறும். உடம்பு அசர, மனசு இன்னும் சோரும். நாமோ அதற்குச் 'சோம்பல்', 'பிடிவாதம்' என்று பேர் வைத்துவிடுகிறோம்!

"மனநல டாக்டரைப் பாருங்களேன்" என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று சண்டைக்கு வருவார்கள். வழக்கமாகப் போகும் டாக்டரிடமே இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் கிடைத்தால்?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் டாக்டர் வேய்ன் கேட்டன் குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். மனச்சோர்வோடு சர்க்கரையோ இருதய நோயோ உள்ள 214 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்குக் கூடவே ஒரு நர்ஸ். அவர் அடிக்கடி விசாரித்து, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மனசு எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். வாராவாரம் பெரிய டாக்டர்களோடு கலந்து பேசுவார். எது குறையவில்லையோ, அதற்குக் குடும்ப டாக்டர் மருந்தை மாற்றுவார். 2010-ல் வெளியான முடிவில், நர்ஸ் துணை இருந்தவர்களுக்கே உடம்பும் மனசும் நன்றாகத் தேறியிருந்தன.

நம் நாட்டிலும் சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம், டில்லி ஆகிய ஊர்களின் சர்க்கரை நோய் கிளினிக்குகளில் 404 பேரிடம் இதே முறையைப் பார்த்தார்கள். இங்கே துணை இருந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஊழியர்கள். 2020-ல் வெளியான முடிவும் இந்த முறைக்கே சாதகம்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படி ஓர் ஆள் கிடைக்க மாட்டார். அதில் கொஞ்சத்தை வீட்டில் நாம் செய்யலாம், சகோதரிகளே!

* சர்க்கரை அளவு எழுதும் நோட்டிலேயே தூக்கம், பசி, உற்சாகம் எப்படி என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சோர்ந்தே இருந்தால் சர்க்கரை டாக்டரிடமே சொல்லுங்கள். 'இதைப் போய் அவர்கிட்டே சொல்றதா?' என்று தயங்க வேண்டாம்.

* மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். "ஒண்ணும் கேக்கலே" என்று நாமாக நிறுத்தக் கூடாது.

* "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு வந்தால், "சும்மா இருங்க" என்று அடக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்; தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.