காயில் கட்டுவதும் ஈ கட்டுவதும்

தங்கச்சி மகன் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் வேலையில் இருக்கிறான். போன மாதம் கோலார் தங்கவயலில் எங்கள் பாலகாட்டுக்கு வந்தவன் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிட்டான். கொக்கி, நூல், ஃபெசன்ட் பறவையின் வாலிறகு. ஈ கட்டுகிறானாம். திரும்பிப் போனதும் டிரவுட், கிரேலிங் மீன்களுக்குத் தூண்டில் போட.

கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வதற்குத்தான் ஈ கட்டுவது என்று பெயர். பெத்தமங்கலா ஏரியில் மண்புழு கோத்து ஜிலேபி மீன் பிடித்து வளர்ந்தவனுக்கு இது வேலையற்ற வேலையாகப் பட்டது. அவன் எழுதி வைத்திருந்த பட்டியலில் 24 வகை.

"இத்தனை எதுக்குடா?"

"எதைக் கடிக்கும்னு தெரியாது மாமா. எல்லாத்தையும் கட்டிக்கினு போறேன்."

2001 பிப்ரவரி 28-ல் மைன்ஸ் மூடியபின் மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். 12-ஆம் நம்பர் கொக்கியைவிட 16 சின்னது என்று அவன் சொன்னதும் காது நிமிர்ந்தது. ஒயர் கேஜும் அப்படித்தான், நம்பர் ஏற ஏற மெலிசு.

அப்புறம் ஃபிராங்க் சாயர் கதையைச் சொன்னான். வில்ட்‌ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரித்த காவல்காரர். அவர் நூலை விட்டுவிட்டு மெல்லிய செம்புக் கம்பியாலேயே ஈ கட்டினார். இறகை இறுக்கிப் பிடிப்பதும் அதுதான், எடை சேர்த்துத் தண்ணீருக்குள் இறக்குவதும் அதுதான். டிரவுட் தின்பதில் பெரும்பங்கு ஆற்றடியில் திரியும் பூச்சிக் குஞ்சுகள். மேலே மிதக்கும் ஈயின் அழகைப் பார்க்க மீன் எப்போதாவதுதான் வரும்.

சாயரின் இன்னொரு ஈ கில்லர் பக். சாக்ஸ் ஓட்டை தைக்கும் கம்பளி நூல், அதே செம்புக் கம்பி, அவ்வளவுதான். டிரவுட் ஆற்றில் கிரேலிங்கைக் களையாக நினைத்த காலம் அது. ஒழித்துக்கட்டவே அதைக் கட்டினார். இன்று கிரேலிங்கைத் தேடிப் போகிறவர்கள் அதைத்தான் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்களாம்.

நான் உள்ளே போய் பாபினில் மிச்சமிருந்த 38 கேஜ் எனாமல் ஒயரைக் கொண்டுவந்தேன். (எரிந்த ஃபேன் காயிலில் உருவினால் ஆகாது.) நாலு இழை வாலிறகைக் கம்பியோடு முறுக்கி, கொக்கியின் வாலிலிருந்து கண்வரை சுற்று மேல் சுற்று ஏறாமல் கொண்டுபோனான். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் புடைப்பு. பல்பு வெளிச்சத்தில் இறகுக்கு நடுவே செம்பு மினுங்கியது. ஒத்துக்கொள்கிறேன், கை சுத்தம்.

"நம்ம பக்கம் காட்டுக்கோழி இறகு கிடைக்குமா மாமா?" என்று மெதுவாக ஆரம்பித்தான். தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு வைத்தாற்போல் புள்ளிகள் உண்டு. சால்மன் ஈ கட்டுகிற வெள்ளைக்காரர்களுக்கு அதன்மேல் தீராத ஆசை. அந்த ஆசைக்கு எத்தனையோ சேவல் செத்தது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வாயை மூடு என்றேன்.

அங்கே செப்டம்பரோடு ஆற்று டிரவுட் சீசன் முடிகிறது. குளிர்காலத்தில் கிரேலிங்தான், அதுவும் ஆழத்தில் கிடக்கும். கீழ்நோக்கிய வாய், ஆற்றடியிலேயே மேயும். அப்படியானால் ஈ எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதுதானே கேள்வி? சாயரின் இரண்டு வகை போதும், ஒவ்வொன்றிலும் கம்பிச் சுற்றைக் கூட்டிக் குறைத்து மூன்று எடை கட்டு என்றேன். முனகிக்கொண்டே கட்டினான். மொத்தம் 30 ஈ, ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

24 வகை எழுதிய காகிதத்தை இங்கேயே விட்டுப் போய்விட்டான். அதன் பின்பக்கத்தில் ஒரு கிரைண்டர் மோட்டாரின் சுற்றுக் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன்.