காஞ்சி இளவரசரும் 1624-ஆம் ஆண்டுக் கள்ள முன்னுரையும்

ஒரு பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் அரை மணி நேரம் கம்பு சுற்றிவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட மேடையை விட்டு இறங்குகிறார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிக்கிறார். “இந்தக் கலையைத்தான் நம்ம காஞ்சிபுரத்து போதிதருமர் சீனாவுக்குக் கொண்டுபோனார். அதுதான் குங்ஃபூ. புரூஸ் லீ அடிச்சதெல்லாம் நம்ம அடி!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆகிறது. ஆறு மாதம் விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கால்வரிசை பழக்கிய ஆசான், மேடைக்குக் கீழே கம்புகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

2011 தீபாவளிக்கு ‘ஏழாம் அறிவு’ வந்ததிலிருந்து இந்தப் பேச்சு இல்லாத தற்காப்புக் கலை மேடை அரிது. சினிமா கதை சொல்லட்டும், அது அதன் தொழில். அந்தக் கதையை வரலாறு என்று பிள்ளைகள் முன்னால் சொல்பவரிடம் ஆதாரம் கேட்டாக வேண்டும்.

கேட்டால் வந்து நிற்பது 1624.

போதிதருமர் சீனாவில் இருந்ததாகச் சொல்லப்படும் காலம் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு. சீனாவின் ஷாவோலின் கோயில் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி தந்ததாகச் சொல்லும் ‘யீஜின் ஜிங்’ நூல் எழுந்தது 1624-இல். நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதை மறைக்கத்தான் நூலுக்கு ஒரு பழைய முன்னுரை ஒட்டப்பட்டது. தாங் காலத் தளபதி லி ஜிங் 628-இல் எழுதியதாம். நூல் அவர் கைக்கு வந்த வழியில் சுருள்தாடிக்காரர் ஒருவர் வருகிறார். அவரோ பழங்கதையொன்றின் கற்பனைப் பாத்திரம்! 1809-இல் மறைந்த சீன அறிஞர் லிங் டிங்கானே இந்தப் புளுகை உடைத்துவிட்டார். 1930-இல் டாங் ஹாவ் மீண்டும் ஒருமுறை உடைத்தார். சொந்த நாட்டு அறிஞர்கள் கள்ளம் என்று தள்ளிய 1624-ஆம் ஆண்டுச் சரக்கைத் தமிழன் பெருமை என்று தலையில் தூக்கிவைத்து ஆடுவது வெட்கக்கேடு.

பழைய சான்றுகளில் சண்டையே கிடையாது. 547 வாக்கில் யாங் ஷுவான்ஜி எழுதிய லுவோயாங் கோயில் குறிப்பு போதிதருமரைப் பாரசீகத் துறவி என்கிறது. 645-இல் டாவ்ஷுவான் எழுதிய வரலாறு தென்னிந்தியர் என்கிறது. பல்லவர் கல்வெட்டு எதிலும் அவர் பெயர் இல்லை. 621-இல் ஷாவோலின் துறவிகள், பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்காகப் போரிட்டதை 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்தப் போர்த்திறனைப் போதிதருமர் தந்தார் என்று அதிலும் இல்லை. முதல் நூற்றாண்டின் சீன வரலாற்று நூலான ‘ஹான் நூல்’ தரும் நூற்பட்டியலிலேயே வெறுங்கைச் சண்டை பற்றி ஆறு இயல் கொண்ட நூல் இருக்கிறது. போதிதருமர் போய்க் கற்றுக்கொடுக்கும்வரை சீனர்கள் கைகட்டி நின்றார்களா?

ஷாவோலின் சொல்லிக்கொண்டதையாவது கேட்கலாம். அங்கே பத்து ஆண்டுக்கு மேல் கம்பு பழகிய செங் சோங்யூ, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கம்பு நூல் எழுதினார். அந்தக் கலையைத் தந்தது கின்னர மன்னன் என்பது அதில் உள்ள கோயில் ஐதீகம். 1624-க்குச் சில ஆண்டுகள் முன்புவரை கோயிலின் கதையே வேறு.

சினிமாவையே எடுத்துக்கொண்டாலும், ஹாங்காங்கில் குரு வழிக்கு மரியாதை உண்டு. ‘ஷாவோலினின் 36-ஆம் அறை’யை 1978-இல் எடுத்த லாவ் கார்-லியூங், தன் தந்தையின் வழியாகக் குங்ஃபூ ஆசான் லாம் சாய்-விங்குக்கும் அவருடைய குரு வோங் ஃபெய்-ஹுங்குக்கும் மாணவர் பரம்பரை. அந்த வோங்கைப் பற்றி 1949 முதல் படம் படமாக எடுத்துத் தள்ளினார்கள். இங்கே எம்.ஜி.ஆர். சுற்றிய கம்பைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்குச் சிலம்ப வாத்தியார் ஒருவரின் பெயராவது தெரியும்? நாயகனின் காலடியில் விழுந்து எலும்பு முறித்துக்கொள்ளும் ஃபைட்டர்களின் பெயர், ஜனம் எழுந்து வாசலுக்குப் போகும்போது திரையில் ஓடுகிறது. சண்டை அமைப்புக்குத் தேசிய விருது வந்ததே 2017-இல்தான், ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெயினுக்கு.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக வந்தது. களரிப்பயட்டுக்கும் கட்காவுக்கும் அங்கே பதக்கம் இருந்தது. மேடைதோறும் போதிதருமரை அழைப்பவர்கள், சிலம்பத்துக்கும் பதக்கம் வேண்டும் என்று எங்கே போய்க் குரல் கொடுத்தார்கள்?

செங் சோங்யூ தன் நூலில் அடவுகளைப் படம் வரைந்து விளக்கினார். தனக்குக் கற்றுக்கொடுத்த துறவிகள் ஹோங்ஜி, ஹோங்ஜுவான் பெயர்களையும் எழுதிவைத்தார். நானூறு ஆண்டுக்குப் பிறகும் அவர்கள் யாரென்று படிக்க முடிகிறது. அன்று மேடைக்குக் கீழே நின்ற ஆசானின் பெயர் விழா அழைப்பிதழில்கூட இல்லை. அவருடைய வீச்சும் அடவும் அவர் நினைவிலும், அந்தப் பிள்ளைகளின் கையிலும் மட்டுமே இருக்கின்றன.