படுவான்கரைக் கரண்ட் பொடியன்களுக்காக ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கு,
தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே,

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்து பிழைப்பவன் எழுதுகிறேன். என்னிடம் கையாளாக வந்த பொடியன் ஒருவன் இன்று ஒரு வீட்டுக்குத் தனியாகப் போய், பிழை எங்கே என்று கண்டுபிடித்து, திருத்தி, சோதித்துவிட்டு வரக்கூடியவனாக ஆகிவிட்டான். ஆனால் அவன் தொழில் தெரிந்தவன் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் அவனிடம் இல்லை. அவனைப் போல் இந்தக் கரையில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. பட்டணமும் ஆஸ்பத்திரியும் மஞ்சந்தொடுவாய்த் தொழில்நுட்பக் கல்லூரியும் பெரும்பாலான கந்தோர்களும் எழுவான்கரையில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை நாங்கள் அந்த இடத்தில் பாதைப் படகில்தான் அக்கரைக்குப் போய்வந்தோம். பாலம் வந்தபின் சாமான் வாங்கப் போவது சுகமாகிவிட்டது. தொழில் பழகுவது அப்படி ஆகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளை விதைக்கப் பழக எந்தக் கல்லூரிக்கும் போகவேண்டியதில்லை. அப்பனோடு வரம்பில் நின்றே பழகிவிடும். வாவியில் வலை போடுவதும் தோணி தாங்குவதும் அப்படித்தான். மின் வேலை மட்டும் எங்களுக்குப் பரம்பரையாக வரவில்லை. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி யுத்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தது. பல ஊர்களில் ஒரு தலைமுறை குப்பி விளக்கிலேயே படித்து வளர்ந்தது. பிறகு தூண்கள் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள், வீட்டுத் திட்டங்கள் வந்தன. சில வருடங்களுக்குள் எல்லா வீட்டுச் சுவரிலும் சுவிட்ச் ஏறிவிட்டது. அதைப் பூட்டத் தெரிந்த அப்பனும் பெரியப்பனும் எந்த வீட்டிலும் இருக்கவில்லை.

மட்டக்களப்பில் தொழில் சொல்லிக்கொடுக்கும் மரபே இருக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். யேசு சபைக் குருமார் பட்டணத்தில் நடத்திய ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்ரிரியூற் இந்த மாவட்டப் பொடியன்களுக்குத் தொழில் பழக்கிய இடம். அதன் பணிப்பாளராக இருந்த அமெரிக்கக் குரு யூஜின் ஹெபர்ட் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். கூடப் போன இளைஞரும் திரும்பவில்லை. அந்த வருடங்களில் எங்கள் மாவட்டம் இழந்த உயிர்களுக்குக் கணக்கில்லை. அந்த உயிர்களோடு, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகவேண்டிய தொழிலறிவும் போயிற்று. இதை யாரும் இழப்பீட்டுப் படிவத்தில் எழுதவில்லை.

அறுந்த அந்தச் சங்கிலியைத்தான் இப்போது என்னைப் போன்றவர்கள் எங்களுக்குத் தெரிந்தமட்டில் முடிந்துகொண்டிருக்கிறோம். ஒரு பொடியனுக்கு வேலை எப்படிப் பழகுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

வந்த புதிதில் சுவர் வெட்டுவான், கொண்டியூட் குழாய் பதிப்பான், வயர் இழுப்பான், ஏணி பிடிப்பான். சலிப்பான வேலைதான். ஆனால் குழாயைக் கூடுதலாக வளைத்துவிட்டு அதற்குள் வயர் இழுக்கும்போது படுகிற பாடு அவனுக்குக் கற்றுத்தருவதை நான் வாயால் சொல்லித் தரமுடியாது. பிறகு நிறம். பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும், புதிய வீட்டில் கபிலமும் நீலமும். பழைய வீட்டோடு புதிய அறை சேர்த்துக் கட்டியிருந்தால் எல்லாம் கலந்து கிடக்கும். அங்கே நிறத்தை நம்பிக் கை வைக்கக்கூடாது.

அதற்குப் பிறகுதான் டெஸ்டர். மெயினை அணைத்த பின்னும் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு வேலை செய்யப்போகிற இடத்தில். பிறகு திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில். ஏனென்றால் நடுவில் டெஸ்டர் பழுதானால், அதுவும் “கரண்ட் இல்லை” என்றுதான் காட்டும். “அண்ணன், எதுக்கு மூண்டு தரம்?” என்று முதல்நாள் கேட்டான். விளங்கப்படுத்தினேன். ஆனால் விளங்குவது வேறு, கை பழகுவது வேறு. ஒருநாள் நான் பின்வாசலால் வந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பிலும் அவன் மூன்று தரமும் பார்த்துவிட்டே திருகாணியைக் கழற்றினான். இவனைத் தனியே விடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

போன மாரியில் வாவியோரமாக ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். மழை பிடித்த நாள் தொடங்கி ட்ரிப் சுவிட்ச் நிற்கவில்லை. பேன் போட்டால் விழுகிறது என்று வீட்டுக்காரர் பேனையே மாற்றியிருந்தார். புதிய பேனுக்கும் விழுந்தது. முன்பு வந்த ஒருவர், ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்தால் தொல்லை தீரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் பொடியனை உள்ளே அனுப்பிவிட்டு முற்றத்தில் கதிரையில் இருந்துகொண்டேன். எழும்பிப் போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றைத்தான்: லைனில் போன மின்னோட்டம் முழுக்க நியூட்ரலில் திரும்புகிறதா என்று. 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வருவதற்குள் வெட்டிவிடும். ஆனால் வீட்டுப் பெட்டியிலுள்ள சின்னப் பிரேக்கர் லைனை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வெட்டுப்படாமல், எல்லா நியூட்ரலும் சேரும் பட்டையிலேயே இருக்கும். ஆகவே ஒரு சுற்றின் நியூட்ரல் எங்காவது ஏர்த்தோடு முட்டினால், அந்தச் சுற்றின் பிரேக்கரை அணைத்து வைத்தாலும் பிழை போகாது. வேறு சுற்றில் பேனோ மோட்டரோ ஓடும்போது அதன் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த வழியாக மண்ணுக்குள் கசியும். ட்ரிப் சுவிட்ச் விழும். பழி பேன் மேல் விழும்.

அவன் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். எதில் சுமை ஏறினாலும் விழுந்தது. வெளியே வந்து, “அண்ணன், பேன்ல பிழை இல்ல. நியூட்ரல் எங்கயோ ஏர்த்தோட முட்டுது” என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மெயினை அணைத்து, மூன்று தரமும் சோதித்து, நியூட்ரல்களைப் பட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, காவலித் தடை பார்க்கும் மெகரால் 500 வோல்ட்டில் அளந்தான். மற்றதெல்லாம் 1 மெகா ஓமுக்கு நன்றாக மேலே. ஒன்று மட்டும் அநேகமாகப் பூச்சியம். அது கிணற்றடி விளக்குக்குப் போகிற சுற்று. சந்திப் பெட்டியைத் திறந்தால் உள்ளே மழைத்தண்ணீரும் எறும்புப் புற்றும். வெறும் டேப் சுற்றிய மூட்டு ஏர்த் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. அதைச் சீராக்கி, புதுப் பெட்டி பூட்டி, மறுபடி அளந்து, மெயினைப் போட்டான். பேன் சுற்றியது. வீட்டுக்காரர் அன்று அவனைத் “தம்பி” என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு “வயர்மன்” என்று கூப்பிட்டார்.

ட்ரிப் சுவிட்சைக் கழற்றச் சொன்னவரின் யோசனைப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் யோசிக்கவேண்டும். எங்கள் வீடுகளுக்கு ஏர்த் என்பது நாங்களே மண்ணில் அடிக்கும் கம்பிதான். காய்ந்த மணலில் அதன் தடை கூடிவிடும். அப்போது லைன் ஏதாவது இரும்பில் முட்டினாலும் பிரேக்கர் விழுகிற அளவுக்கு மின்னோட்டம் ஓடாது. ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான் காவல். ஈரக் கையோடு கிணற்றடிக்குப் போகிற பிள்ளைக்கும் சாவுக்கும் இடையில் அதுதான் நிற்கிறது. அரைகுறையாகப் பழகியவன் கழற்றுவது அதைத்தான்.

துணிச்சல் இருந்தால் போதும் என்று இளம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். துணிச்சல் சீக்கிரம் வந்துவிடும். தான் செய்தது சரிதானா என்று அளந்து பார்த்து, அந்த அளவை நம்பி நிற்கிற நிதானம் வரக் காலம் எடுக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும்.

இந்த நிதானம் கருவியோடு மட்டும் முடிவதில்லை. படுவான்கரையின் மேற்கு எல்லை ஊர்களில் யானை வந்து வேளாண்மையையும் வீட்டையும் அழிக்கிறது, ஆட்களையும் கொல்கிறது. அந்த மக்களின் பயம் பொய்யில்லை. முறையான யானை வேலியில் ஒரு கருவி விட்டுவிட்டுத் துடிப்பாக மின் கொடுக்கும். யானைக்கு அடிக்கும், கொல்லாது. வீட்டு 230 வோல்ட்டை நேரே கம்பியில் கொழுவினால் யானையும் சாகும், மாடும் சாகும், விடியப்புறம் வயலுக்குப் போகிற மனிதனும் சாவான். இந்தப் பொடியனிடம் சொந்தக்காரர் ஒருவரே அப்படிக் கொழுவித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். “மாமா, அது நான் செய்யமாட்டன். வேலிக் கருவி வாங்குங்க, காசில்லாம வந்து பூட்டித் தாறன்” என்று சொல்லியிருக்கிறான். உறவுக்காரரிடம் எங்கள் ஊரில் இப்படி மறுப்பது இலேசான காரியமில்லை. தொழிலை முழுதாகப் பழகியவனுக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வரும்.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன்.

1971 இல் பயிலுநர் சட்டம் கொண்டுவந்த நாடு இது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உங்கள் அதிகாரசபை வந்தது. வேலைத்தளத்திலேயே பழகட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்த எண்ணம் சரியானது, நான் மேலே எழுதியதெல்லாம் அதற்குச் சாட்சி. வேலை செய்தே பழகியவரைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் கொடுக்கும் வழியும் உங்களிடம் இருக்கிறது. ஆனால் அந்த வழி வாவியைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது மெலிந்துபோகிறது. பெரிய நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்கிறவனுக்கு ஒப்பந்தம் உண்டு, பதிவேடு உண்டு. வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ ஒரு தனி ஆளிடம் வேலை பழகுகிறவன் கையாள் மட்டும்தான். எத்தனை வருடம் வேலை செய்தாலும் கையாள்தான். பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை கேட்டால் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். கட்டாருக்குப் போனால் ஹெல்பர் சம்பளம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் மின் தொழிலாளருக்குத் தகைமை வேண்டும் என்கிறது. அதுவும் நியாயம். ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளே வரவேண்டியவர்களை உள்ளே எடுங்கள்.

ஆகவே, எங்களைப் போல் தனியாகத் தொழில் செய்து ஆள் பழக்குகிறவர்களைத் தேடிப் பதிவுசெய்யுங்கள். கேட்டவுடனே பதியவேண்டாம். முதலில் எங்களைச் சோதியுங்கள், என்னிலிருந்தே தொடங்குங்கள். சோதனையில் தேறாதவரிடம் பிள்ளைகளை விடாதீர்கள். தேறியவரிடம் பழகும் மாதங்களைப் பயிற்சிக் காலமாகக் கணக்கெடுங்கள். அவன் செய்த வேலைகளை நாளாந்தம் எழுதிவைக்க எளிய தமிழில் ஒரு பதிவேடு கொடுங்கள். ஏணியிலிருந்து விழுந்தால் வைத்தியச் செலவுக்கு ஒரு காப்புறுதியும் வேண்டும். இன்றைக்கு அந்தச் செலவைத் தாங்குவது அவனுடைய தாய்தான்.

கருவி பற்றியும் சொல்லவேண்டும். மெகர் இல்லாமல் மேலே நான் சொன்ன பிழையைப் பிடிக்கப் பெரும்பாடு பட்டிருக்கவேண்டும். தனியாளாகத் தொழில் செய்கிறவர்களில் பலருக்கு மெகரும் ஏர்த் டெஸ்டரும் வாங்க வசதியில்லை. மண்முனை தென்மேற்கு, மண்முனை மேற்கு, போரதீவுப்பற்று ஆகிய மூன்று பிரதேச செயலகங்களிலும் இரவல் கொடுக்க ஒவ்வொரு செட் வைக்க முடிந்தால், அதனால் எத்தனை வீடுகள் பாதுகாப்பாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. வகுப்பில் மின் வேலை படித்து முடித்த பெண்பிள்ளைகளும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்குக் கூட்டிப்போக யாரும் முன்வருவதில்லை, ஊர் வாய்க்குப் பயம். உங்கள் கடிதத்தோடு ஒரு பிள்ளை வந்தால் நான் கூட்டிப்போவேன். வீடுகளில் பகலில் கதவு திறக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களுக்கும் அது நிம்மதியாக இருக்கும்.

சோதனையை இலகுவாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வினாத்தாளை விட ஒரு பலகையில் பிழை வைத்துக் கொடுங்கள். நியூட்ரலை ஏர்த்தில் முட்டவைத்துவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டெஸ்டரை எத்தனை தரம் வைத்துப் பார்க்கிறான் என்று ஓரமாக நின்று கவனியுங்கள். தொழில் தெரிந்தவனா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நவம்பரில் எங்கள் பக்கம் மாரி தொடங்கும். ட்ரிப் சுவிட்ச் விழுகிற காலம் அது, எங்களுக்கு வேலைக்குக் குறைவிருக்காது. அந்த நேரம் மதிப்பீட்டாளர் ஒருவரைப் பாலம் கடந்து அனுப்பிவையுங்கள். பொடியன் வருவான், நானும் வருவேன். எங்கள் இருவரையும் ஒரே நாளில் சோதிக்கலாம்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங் தொழிலாளி ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.