பறிபோன மதிய உணவும் பழிவாங்கும் சூளுரையும்

'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமேயின் நகைச்சுவைக் கிளையான 'ஜூனியர் ஹை' பற்றிப் பேச்செடுத்தாலே மூலத்தின் அடியார்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. மாபெரும் அவலக் கதையைப் பொம்மைக் கடையாக்கிவிட்டார்கள் என்பது புகார். புகாரில் பாதி உண்மைதான். மூலத்தின் முதல் பருவம் 2013இல் முடிந்தது. இரண்டாவது 2017இல்தான் வந்தது. இடையே 2015இல் வெளியான இந்த 12 பகுதிகள் ரசிகரைப் பிடித்துவைக்கும் வணிகத்துக்கும் உதவின என்பதை மறுப்பானேன்? மிகாசாவின் பற்றை ஒரே பகடியாக அரைத்த மாவையே அரைத்ததும் சலிப்பூட்டுவதே. ஆனால், 'மூலத்தை அவமதித்தது' என்னும் தீர்ப்பு மூலத்தையே சரியாகப் படிக்காதவர்களின் தீர்ப்பு.

மூலத்தில் எரென் யேகரின் தாயை அவன் கண்ணெதிரே டைட்டன் ஒன்று தின்கிறது. ஒன்றுகூட மிஞ்சாமல் டைட்டன்களை ஒழிப்பேன் என்று சிறுவன் சூளுரைக்கிறான். கிளைத்தொடரில் டைட்டன் பறிப்பது அவனது மதிய உணவை. அதிலும் அவனுக்கு உயிரான சீஸ் ஹாம்பர்க்கை. சூளுரையின் வேகம் மட்டும் இம்மியும் குறையவில்லை. ஒரு வாக்கியத்தின் அமைப்பை அறிய, மொழியியலார் அதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அவ்விடத்தில் வேறொன்றை வைத்துப் பார்ப்பார்கள். இங்கே நடந்திருப்பதும் அதுவே. தாய் இருந்த இடத்தில் உணவுப் பெட்டியை வைத்த பின்பும் வாக்கியம் குலையாமல் நிற்கிறது. அப்படியானால் அந்த ஆவேசத்தின் கம்பீரம் முழுவதும் இழப்பின் ஆழத்திலிருந்து வந்ததன்று. உரத்த குரலுக்கும் பின்னணி இசைக்கும் அதில் பங்குண்டு. 2013இல் அதைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும்.

இனி வருவதில் மூலத்தின் முடிவும் உண்டு. அறியாதோர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2021இல் ஹஜிமே இசயாமாவின் மங்கா நிறைவடைந்தபோது அந்தச் சூளுரை எங்கே போய் நின்றது? எரெனின் படை மனித குலத்தில் 80 விழுக்காட்டை மிதித்தே அழிக்கிறது. இசயாமா இறுதியில் கூண்டில் ஏற்றி விசாரித்த அதே வெறியை, 2012இல் தொடங்கிய சாகி நகாகவாவின் பகடி மங்கா முன்பே சிரித்துக் காட்டிவிட்டது. வீரம் என்று அதைச் சட்டையில் அச்சிட்டு அணிந்தவர்கள் இரண்டில் எதன்மீது சினம் கொள்ள வேண்டும்?

உருவத்தைப் பற்றிய ஏளனமும் இப்படிப்பட்டதே. 'ச்சிபி' என்ற ஜப்பானியச் சொல்லில் செல்லமும் இளக்காரமும் கலந்தே கிடக்கின்றன, நம் 'பொடியன்' போல. இரண்டு மூன்று தலையளவே உயரம், முகத்தை அடைத்த கண்கள். (நகை பிறக்கும் இடங்களுள் இளமையையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்திருப்பது தற்செயலன்று.) இப்போது மூலத்து டைட்டன்களை உற்றுப் பாருங்கள்: பலவற்றுக்குப் பெருத்த தலை, உடலோடு ஒவ்வாத கைகால், அசட்டுச் சிரிப்பு. மனிதரைக் குறுக்கி வரைந்தபோது, டைட்டன்களின் ஒவ்வா உடலையே அவர்களுக்கும் தந்துவிட்டது கிளைத்தொடர். டைட்டன்களும் ஒருகாலத்தில் மனிதரே என்ற உண்மையை மூலம் நெடுங்காலம் மறைத்துவைத்தது. இங்கோ இரு சாராரும் ஒரே பள்ளியின் மாணவர்கள். டைட்டன்களுக்குக் கட்டடம் மட்டும் வேறு.