செந்தில் சொன்ன கணக்கு சரிதான்

ஆங்கில நகைச்சுவை மூளைக்கு, தமிழ் நகைச்சுவை முதுகில் விழும் அடிக்கு. மலேசியாவில், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் சரி, பிரிக்பீல்ட்சிலும் சரி, படித்த பிள்ளைகள் இப்படித்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

அடித்தால்தான் தமிழன் சிரிப்பான் என்பதற்கு அவர்கள் இழுக்கும் சாட்சி சினிமா ஜோடி கவுண்டமணி–செந்தில். அவர்களையே விசாரிப்போம். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கவுண்டமணி வாங்கிவரச் சொன்னது இரண்டு வாழைப்பழம். ஒன்றைச் செந்தில் தின்றுவிட, வந்து சேர்ந்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த ஒன்றையே செந்தில் காட்டுகிறார். தின்றது போக மிச்சம் எதுவோ அதுதானே இன்னொன்று? கணக்கில் பிழையில்லை, கவுண்டமணிக்குப் பித்தம் தலைக்கேறுவதே அதனால்தான். கை ஓங்குவது பிறகு. அரங்கம் அதற்குள் சிரித்து முடித்திருக்கும். அமெரிக்க நகைச்சுவை ஜோடி அபாட்டும் காஸ்டெல்லோவும் 1938இல் வானொலியில் நடத்திய பேஸ்பால் உரையாடலும் இதே தச்சுவேலைதான்: ஒருவர் நிதானமாக உண்மையையே சொல்லச் சொல்ல, மற்றவர் கொதிக்கிறார். அதற்கு மட்டும் கிளாசிக் என்று பெயர்.

அடுத்த குற்றச்சாட்டு, உருவக் கேலி. நிறத்தையும் பெண்களின் உடலையும் நம் சினிமா படுத்திய பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் நம்மூர் ஸ்டாண்டப் கலைஞர் கவின் ஜெய் 2018இல் நெட்ஃபிளிக்ஸில் தன் பருமனைக் கேலி செய்ததும் ஆங்கிலத்தில்தான். தன்னைத்தானே கேலி செய்வது வேறு என்பார்கள். வேறுதான், அந்த வேறுபாடு ஆளைப் பொறுத்தது, மொழியைப் பொறுத்ததல்ல.

தமிழ் நகைச்சுவையில் சொல்நுட்பம் கிடையாது என்கிறவர்களுக்குச் சிலேடைப் புலவர் காளமேகம் போதும். பாம்பையும் வாழைப்பழத்தையும் (மறுபடியும் வாழைப்பழம்!) ஒரே வெண்பாவில் அடைத்தவர்.

உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஆங்கில ஸ்டாண்டப்பில் ஒற்றை ஆளும் மைக்கும் போதும். நமக்கு எதிராளி வேண்டும். பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி, சினிமாவுக்கு ஒரு ஜோடி. உஸ்பெகிஸ்தானிலும் அப்படித்தான். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அவர்களின் 'அஸ்கியா' கலையில், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ இரட்டை அர்த்தத்தால் மோதுகிறார்கள், கூட்டம் சிரிக்கிறது. தமிழில் மைக் பிடிக்கும் நம் இளைஞர்கள் ஏன் தனியாகவே மேடையேற வேண்டும்? பக்கத்தில் ஒரு செந்திலை நிறுத்திப் பார்க்கட்டும்.