எடை குறைந்தது சரி, சத்துக் குறைவை யார் கவனிப்பது?

நாட்டில் எடை கூடியவர்கள், உடல் பருத்தவர்கள் விகிதம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வு சொன்ன கணக்கு 63.9 விழுக்காடு. அதனால்தான் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை பற்றி நம்மவர்கள் இப்போது கல்யாணப் பந்தியிலேயே பேசுகிறார்கள். எத்தனை கிலோ குறைந்தது, எவ்வளவு செலவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்தச் சிகிச்சையில் பரவலான 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பி12 வைட்டமினை உடல் ஏற்க, இரைப்பையில் சுரக்கும் அமிலமும் ஒரு புரதமும் தேவை. அவை குறைந்தாலும் உடனே ஒன்றும் தெரியாது. கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பில் இருக்கும். அது தீரும்போதுதான் கால் மரத்துப்போகும், மறதி வரும், அசதி தட்டும்.

இங்கேதான் நம் மக்களுக்குக் கூடுதல் சிக்கல். இனிப்புநீர் உள்ளவர் கால் மரத்தால், "சர்க்கரைதான்" என்று இருந்துவிடுவார். அவர் விழுங்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையும் பி12-ஐக் குறைக்கும். சைவமாக இருந்தால் உணவிலிருந்து கிடைப்பதும் சொற்பம். கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு முழுமையாகச் சரியாகாமலே போகலாம்.

பி1 இதற்கு நேர்மாறு. அதன் சேமிப்பு இரண்டு, மூன்று வாரம்தான். சிகிச்சைக்குப் பின் வாந்தி நிற்கவில்லை என்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, மூளையே பாதிக்கப்படலாம். பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவும் சேரும். அந்த மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்கினால் பாதிப் பலன்கூட இருக்காது.

முதலாண்டில் 3, 6, 12ஆம் மாதங்களில் இரத்தப் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, சத்து மாத்திரை ஆயுள் முழுதும் என்பதே மருத்துவ வழக்கம். தோட்டத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் சம்பளம். சிகிச்சை தனியார் மருத்துவமனையில் நடந்திருக்கும். சர்க்கரை மாத்திரை வாங்குவதோ அரசாங்க கிளினிக்கில். இரைப்பை சுருக்கப்பட்டதை நோயாளியே சொன்னாலொழிய அங்கே எப்படித் தெரியும்? இந்த இடைவெளியைச் சுகாதார அமைச்சுதான் அடைக்க வேண்டும். அதுவரை, மருத்துவமனை தந்த அறிக்கையின் நகலைக் கிளினிக் அட்டையோடு சேர்த்தே வைத்திருங்கள். இனிமேல் சிகிச்சைக்குப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன்பே அடுத்த ஐந்தாண்டுப் பரிசோதனை எங்கே, செலவு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.