புது கணக்கு டீச்சருக்கு வழிகாட்டும் சீனியர்: அவருக்கு லாபமா, சுமையா?

பள்ளியில் புதிதாக ஒரு கணித ஆசிரியர் சேர்ந்தால், அனுபவமுள்ள ஒருவரை அவருக்கு வழிகாட்டியாகப் போடுவது பல நாடுகளில் வழக்கம். புதியவருக்கு இதில் என்ன பலன் என்று எல்லோரும் பேசுவாங்க. ஆனால், வழிகாட்டுகிற சீனியருக்கு என்ன கிடைக்கிறது? இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு நல்ல உதாரணம்.

இங்கிலாந்தில் என்ன நடைமுறை?

அங்கே 2021 செப்டம்பரில், புதிய ஆசிரியர்களுக்கான தொடக்கப் பயிற்சிக் காலம் ஓராண்டிலிருந்து 2 ஆண்டுகளாக உயர்ந்தது. புதியவரின் பாடவேளை முதல் ஆண்டில் 10%, இரண்டாம் ஆண்டில் 5% குறைக்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. முதல் ஆண்டில் வாரம் ஒருமுறையும், அடுத்த ஆண்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சீனியருக்கு என்ன லாபம்?

பின்ன வகுத்தலை எடுத்துக்கொள்வோம். 'இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்று 20 வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவரிடம், 'ஏன் தலைகீழாக்கணும்?' என்று புதியவர் கேட்டால் பழக்கம் மட்டும் கை கொடுக்காது. ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் மூன்றரை. அதாவது, ஒன்றே முக்காலுக்குள் மூன்றரை 'அரைகள்' இருக்கின்றன. இப்படி விளக்கத் தேடும்போது, சீனியர் தன் பாடத்தையே மறுபடி அலசுகிறார்.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் சொன்னது இதைத்தான். பாடம் தெரிந்திருப்பது வேறு; அதை மாணவனுக்குப் புரியும்படி மாற்றத் தெரிந்திருப்பது வேறு. லிபிங் மா 1999-ல் வெளியிட்ட நூலில், இதே ஒன்றே முக்கால் கணக்கைச் சீன, அமெரிக்க ஆசிரியர்கள் எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிட்டார். சீன ஆசிரியர்கள் எல்லோரும் சரியான விடை சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேர்கூட முழுமையாக முடிக்கவில்லை. சீனப் பள்ளிகளில் சீனியரும் ஜூனியரும் சேர்ந்து பாடத்தை அலசும் வழக்கத்தையும் அவர் சுட்டிக்காட்டினார்.

அப்போ சுமை எங்கே?

நேரம்தான் சிக்கல். புதியவருக்கு இத்தனை சதவீதம் பாடவேளை குறைப்பு என்று விதியே சொல்கிறது. வழிகாட்டிக்கு அப்படி ஒரு அளவு இல்லை. போதிய நேரம் கொடுக்க வேண்டும் என்பதோடு சரி. இங்கிலாந்தில் பல ஆண்டுகளாகக் கணித ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது. அனுபவசாலிக்குப் பொதுத்தேர்வு வகுப்பு, விடைத்தாள், வராத ஆசிரியரின் வகுப்பு எல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன்மேல் வழிகாட்டுதலும் வந்தால், பேச்சு 'என்ன புரிந்தது?' என்பதிலிருந்து 'படிவம் நிரப்பியாச்சா?' என்பதற்குச் சுருங்கிவிடும். அப்போது கற்பது இருவருக்குமே நின்றுபோகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வழிகாட்டியே மதிப்பெண் போடுபவராகவும் இருந்தால், 'எனக்கு இது புரியலை' என்று புதியவர் வாய் திறக்கத் தயங்குவார். அதனால்தான் அங்கே வழிகாட்டியையும் மதிப்பிடுபவரையும் தனித்தனியாக வைக்கச் சொல்கிறார்கள்.

முக்கியமாக என்ன?

சீனியருக்குக் கிடைக்கும் லாபம் தானாக வராது. அவருடைய கால அட்டவணையில் அதற்கென இடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், புதியவரைத் தக்கவைக்கப் போய் பழையவரைச் சோர்ந்துபோக வைத்த கதையாகிவிடும். கணித ஆசிரியர் கிடைப்பதே கஷ்டமான இடத்தில், அந்த இழப்பு கடைசியில் மாணவர்கள் தலையில்தான் விடியும்.